கணிப்பொறிப் பாடம்: பட்டியலில் உள்ள பெயர்களை அணியில் சேர்த்தல்



மும்பைத் தமிழர்களுக்குப் பட்டியல் என்பது புதிய பொருள் அல்ல. ரேஷன் அட்டைக்கு ஒரு பட்டியல், வாக்குரிமைக்கு ஒரு பட்டியல், பள்ளியில் பிள்ளையைச் சேர்த்தால் அங்கே ஒரு பட்டியல். தாராவி, மாஹிம் பகுதிகளில் குடிசைச் சீரமைப்புக்குத் தகுதி பெற்றோர் பெயர்கள் அடங்கிய பட்டியலை ‘அனெக்ஸர் டூ’ என்பார்கள். அதில் தம் பெயர் இருக்கிறதா என்று விரல் வைத்துத் தேடிப் பார்க்காத குடும்பம் அங்கே குறைவு. பட்டியலில் பெயர் விடுபட்டால் என்னவாகும் என்பதை நாம் அறிவோம்.

இன்று பல பட்டியல்கள் வலைப்பக்கங்களாக வருகின்றன. அவற்றில் உள்ள பெயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்து மறுபடி தட்டச்சு செய்வது வீண் உழைப்பு, பிழையும் நேரும். கணிப்பொறியே அப்பெயர்களை எடுத்து, எண்ணவும் ஒப்பிடவும் ஏற்ற ஓர் அணியாக அடுக்கித் தருமாறு செய்யலாம். அதற்கு ஜாவாஸ்கிரிப்ட் என்னும் மொழியில் ஐந்தாறு வரிகள் போதும். அவ்வரிகளைக் கற்பதும், தமிழ்ப் பெயர்களைக் கையாளும்போது எங்கெங்கே கவனம் வேண்டும் என்று அறிவதும் இப்பாடத்தின் நோக்கம். எட்டாம் வகுப்பு மாணவர் முதல் சங்கத்துக் கணக்கு எழுதும் பெரியவர் வரை யாவரும் கற்கலாம்.

குறிப்பு: கட்டளைச் சொற்களை இங்கே ஒலிப்பின்படி தமிழில் தந்திருக்கிறோம். கணிப்பொறியில் அவற்றை ஆங்கில எழுத்தில், சிற்றெழுத்தாகத் தட்ட வேண்டும். பேரெழுத்து வர வேண்டிய இடங்களை ஆங்காங்கே சொல்லியிருக்கிறோம். ஜாவாஸ்கிரிப்ட் பேரெழுத்தையும் சிற்றெழுத்தையும் வேறு வேறாகவே கொள்ளும்.

தேவையானவை

ஒரு கணிப்பொறி, அதில் ஓர் உலாவி, நோட்பேட் போன்ற எழுத்துப் பலகை. இவை இருந்தால் போதும். விலை கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருள் எதுவும் இல்லை.

ஜாவாஸ்கிரிப்ட் 1995-ஆம் ஆண்டு நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் என்பவர் உருவாக்கிய மொழி. ஜாவா என்பது வேறொரு மொழி. பெயர் ஒற்றுமையைக் கண்டு இரண்டையும் ஒன்றாகக் கருதக் கூடாது. உலாவிக்குள்ளேயே இயங்குவதால் வீட்டில் இருந்தபடியே இதைப் பழகலாம்.

1. பட்டியல் எழுதும் முறை

வலைப்பக்கங்கள் எச்டிஎம்எல் என்னும் குறிமொழியில் எழுதப்படுகின்றன. இதை வகுத்தவர் டிம் பெர்னர்ஸ்-லீ. ஒரு செய்தி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று காட்ட இம்மொழியில் ஒட்டுகள் உண்டு. பட்டியல் முழுமைக்கும் ‘யூஎல்’ என்னும் ஒட்டு. பட்டியலின் ஒவ்வொரு உருப்படிக்கும் ‘எல்ஐ’ என்னும் ஒட்டு. இரண்டுமே இரண்டெழுத்துச் சொற்கள்: யூ, எல், எல், ஐ.

நாம் அன்றாடம் பயணம் செய்யும் வெஸ்டர்ன் லைன் நிலையங்களை எடுத்துக்கொள்வோம். தாதரிலிருந்து வடக்கே செல்லும் ஸ்லோ வண்டி நிற்கும் இடங்கள் இவை:

<யூஎல் ஐடி="நிலையங்கள்">
<எல்ஐ>தாதர்</எல்ஐ>
<எல்ஐ>மாட்டுங்கா ரோடு</எல்ஐ>
<எல்ஐ>மாஹிம்</எல்ஐ>
<எல்ஐ>பாந்த்ரா</எல்ஐ>
</யூஎல்>

‘ஐடி’ என்பது பட்டியலுக்கு நாம் சூட்டும் அடையாளப் பெயர். அதைத் தமிழ் எழுத்திலேயே வைக்கலாம், உலாவி ஏற்றுக்கொள்ளும். பக்கத்தின் தலைப்பகுதியில் ‘மெட்டா சார்செட்’ என்னும் குறிப்பை ‘யூடிஎஃப்-8’ என்று எழுதிவிட வேண்டும். கோப்பைச் சேமிக்கும்போதும் அதே முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் தமிழ் எழுத்துகள் கட்டம் கட்டமாகவோ வேறு குறிகளாகவோ தெரியக்கூடும்.

2. அணி என்பது யாது?

ஆங்கிலத்தில் அர்ரே எனப்படுவதைத் தமிழில் அணி என்பர். பல பொருள்களை வரிசை எண் கொடுத்து ஒரே பெயரில் வைத்துக்கொள்ளும் ஏற்பாடு இது. அணியில் வரிசை எண் 0-இல் தொடங்கும். முதற்பெயரின் எண் 0, இரண்டாவதன் எண் 1.

மாணவர்களுக்கு இது முதலில் குழப்பம் தரும். நம் ஊர்க் கட்டடங்களை நினைத்துக்கொண்டால் குழப்பம் தீரும். ‘கிரவுண்ட் பிளஸ் த்ரீ’ கட்டடத்தில் தளங்கள் நான்கு. ஆனால் உச்சித் தளத்தை மூன்றாம் மாடி என்றுதான் சொல்கிறோம். அதுபோல நான்கு பெயர் கொண்ட அணியில் கடைசிப் பெயரின் எண் 3. நம் பட்டியலில் மாஹிம் மூன்றாவது நிலையம். அணியில் அதன் எண் 2.

3. பெயர்களை எடுக்கும் நிரல்

கீழ்க்கண்ட வரிகளை யூஎல் ஒட்டு முடிந்த பின்னர், அதற்குக் கீழே எழுத வேண்டும். உலாவி பக்கத்தை மேலிருந்து கீழாகப் படிக்கிறது. நிரலைப் பட்டியலுக்கு மேலே எழுதினால், அது இயங்கும் வேளையில் பட்டியலே பிறந்திராது. அணி வெறுமையாகவே கிடைக்கும்.

<ஸ்கிரிப்ட்>
லெட் வரிகள் = டாக்குமெண்ட்.குவெரிசெலக்டர்ஆல்("#நிலையங்கள் எல்ஐ");
லெட் பெயர்கள் = [];
ஃபார் (லெட் வரி ஆஃப் வரிகள்) {
பெயர்கள்.புஷ்(வரி.டெக்ஸ்ட்கண்டென்ட்.ட்ரிம்());
}
கன்சோல்.லாக்(பெயர்கள்);
</ஸ்கிரிப்ட்>

‘குவெரிசெலக்டர்ஆல்’ என்பது இடைவெளி இல்லாத ஒரே சொல். அதில் ‘செலக்டர்’, ‘ஆல்’ ஆகியவற்றின் முதலெழுத்துகள் பேரெழுத்து. ‘டெக்ஸ்ட்கண்டென்ட்’ என்பதில் ‘கண்டென்ட்’ தொடங்கும் எழுத்து பேரெழுத்து. வரிகள், பெயர்கள், வரி ஆகிய மூன்றும் நாம் வைத்த மாறிகளின் பெயர்கள். இவற்றைத் தமிழிலேயே தட்டலாம். ஜாவாஸ்கிரிப்ட் இதை அனுமதிக்கிறது.

இனி வரிக்கு வரி விளக்கம்.

முதல் வரி, நிலையங்கள் என்னும் அடையாளம் கொண்ட பட்டியலுக்குள் உள்ள எல்ஐ உருப்படிகள் எல்லாவற்றையும் தேடிப் பிடிக்கிறது. அடையாளப் பெயருக்கு முன் உள்ள # குறியை மறக்கக் கூடாது. இங்கே கிடைப்பது உருப்படிகளின் தொகுப்பு. ‘நோட்லிஸ்ட்’ என்பது அதன் பெயர். இத்தொகுப்பைப் பார்த்தால் அணி போலவே இருக்கும். ஆனால் வரிசைப்படுத்தும் ‘சார்ட்’ போன்ற கட்டளைகள் இதற்குப் பொருந்தா. ஆகவேதான் தனியே ஓர் அணி தேவைப்படுகிறது.

இரண்டாம் வரி வெற்று அணி ஒன்றைத் திறக்கிறது.

‘ஃபார்’ என்று தொடங்குவது மடக்கு. தொகுப்பில் உள்ள ஒவ்வொரு வரியையும் முறையாக எடுத்து, அதன் எழுத்துகளை மட்டும் ‘டெக்ஸ்ட்கண்டென்ட்’ வாயிலாகப் பெறுகிறது. ‘ட்ரிம்’ என்பது பெயரின் முன்னும் பின்னும் உள்ள வெற்றிடங்களை நறுக்கிவிடும். ‘புஷ்’ அதை அணியின் கடைசியில் சேர்க்கும்.

உலாவியில் பக்கத்தைத் திறந்து எஃப்12 விசையை அழுத்தி, கன்சோல் என்னும் பகுதியைப் பார்த்தால் நான்கு பெயர்களும் அணியாக நிற்பதைக் காணலாம். ‘பெயர்கள்.லெங்த்’ என்று கேட்டால் 4 என விடை வரும்.

4. பட்டியலுக்குள் பட்டியல்

மாஹிம் நிலையத்துக்கு வெஸ்டர்ன் லைன் வண்டியும் வருகிறது, ஹார்பர் லைன் வண்டியும் வருகிறது. இதைக் காட்ட மாஹிம் என்னும் உருப்படிக்குள் இன்னொரு சிறு பட்டியலை எழுதி, அதில் ‘வெஸ்டர்ன்’, ‘ஹார்பர்’ என்று இரண்டு எல்ஐ உருப்படிகள் வைத்ததாகக் கொள்வோம். இப்போது நமது நிரலை இயக்கினால் இரண்டு தவறுகள் நேரும்.

முதலாவது, வெஸ்டர்னும் ஹார்பரும் தனி நிலையங்களாக அணியில் ஏறிவிடும். எண்ணிக்கை 4-க்குப் பதில் 6 ஆகும். இதைத் தவிர்க்க, தேடும் குறிப்பை "#நிலையங்கள் > எல்ஐ" என்று மாற்ற வேண்டும். அந்த அம்புக்குறி ‘நேரடிப் பிள்ளைகள் மட்டும்’ என்று பொருள்படும், பேரப்பிள்ளைகளை எடுக்காது.

இரண்டாவது, மாஹிம் என்ற பெயரோடு உள்பட்டியலின் சொற்களும் ஒட்டிக்கொண்டு வரும். டெக்ஸ்ட்கண்டென்ட் உள்ளே இருப்பவை அனைத்தையும் வாரிக்கொண்டு வருவதே காரணம். பெயரை மட்டும் பெற, ‘வரி.ஃபர்ஸ்ட்சைல்டு.டெக்ஸ்ட்கண்டென்ட்’ என்று முதற்பிள்ளையின் எழுத்தை மட்டும் கேட்கலாம். ‘சைல்டு’ தொடங்கும் எழுத்து பேரெழுத்து. எல்ஐ ஒட்டை அடுத்து வேறு ஒட்டு எதுவும் இல்லாமல் பெயரே முதலில் வரும் பக்கங்களுக்கு இம்முறை பொருந்தும்.

5. பார்வைக்கு ஒன்று, கணிப்பொறிக்கு இரண்டு

இனி தமிழுக்கே உரிய பகுதிக்கு வருவோம். இது மிக முக்கியம்.

ஒரு சங்கத்தில் மாலை நேரத் தமிழ் வகுப்பு நடப்பதாகக் கொள்வோம். மாணவர் பட்டியல் ஒரு பக்கத்தில். நோட்டுப் புத்தகத்துக்குப் பணம் கட்டியவர் பட்டியல் வேறு பக்கத்தில். இரண்டையும் அணிகளாக்கி, ‘கட்டியவர்கள்.இன்க்ளூட்ஸ்("கோமதி")’ என்று கேட்கிறோம். கோமதி பணம் கட்டியிருக்கிறாள். திரையில் அவள் பெயர் தெரிகிறது. ஆயினும் கணிப்பொறி ‘ஃபால்ஸ்’, அதாவது இல்லை, என்கிறது. ஏன்?

யூனிகோடு முறையில் ‘கோ’ என்பதை இரு விதமாகப் பதியலாம். ககரத்தோடு ஓகாரக் குறியை ஒரே குறியாகச் சேர்ப்பது ஒன்று. ககரத்தோடு இரட்டைக் கொம்பையும் காலையும் தனித்தனியே சேர்ப்பது மற்றொன்று. கண்ணுக்கு இரண்டும் ஒரே ‘கோ’. ஆனால் முதல் முறையில் கோமதி என்பது 5 குறிகள். இரண்டாம் முறையில் 6 குறிகள். குறிக்குக் குறி ஒப்பிடும் கணிப்பொறிக்கு இவ்விருவரும் வேறு வேறு ஆட்கள். பட்டியலை மட்டும் நம்பினால் பணம் கட்டிய பிள்ளை நோட்டுப் புத்தகம் இல்லாமல் வீடு திரும்புவாள்.

இதற்கு மருந்து ‘நார்மலைஸ்’ என்னும் கட்டளை. பிரிந்து நிற்கும் குறிகளை அது ஒன்று சேர்த்துவிடும். மடக்கின் உள்வரிகளை இவ்வாறு மாற்றி எழுதுக:

லெட் பெயர் = வரி.டெக்ஸ்ட்கண்டென்ட்.ட்ரிம்().நார்மலைஸ்();
இஃப் (பெயர் !== "") பெயர்கள்.புஷ்(பெயர்);

இரண்டாம் வரியில் உள்ள நிபந்தனை, எழுத்தே இல்லாத வெற்று உருப்படிகளை ஒதுக்கிவிடும். இரண்டு பட்டியல்களுக்கும் இதே நிரலைப் பயன்படுத்த வேண்டும். ஒன்றுக்குச் செய்து மற்றதை விட்டால் பயனில்லை.

நார்மலைஸ் திருத்த முடியாத பிழையும் உண்டு. கௌரி என்னும் பெயரைத் தட்டும்போது பலர் ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக் கொம்பையும் ளகர எழுத்தையும் தட்டிவிடுகிறார்கள். அப்போது ‘கெ, ள, ரி’ என்று மூன்று எழுத்துகள் பதிவாகின்றன. வடிவம் ஒத்திருந்தாலும் அவை மெய்யாகவே வேறு எழுத்துகள்; எனவே கணிப்பொறி அவற்றைச் சேர்க்காது. சரியான கௌரிக்கு லெங்த் 4, தவறானதற்கு 5. ஐயம் எழும் பெயர்களின் லெங்த் பார்த்து, கையால் திருத்துவதே வழி.

6. அகர வரிசை

அணியை அகர வரிசையில் அடுக்க ‘பெயர்கள்.சார்ட்()’ என்று எழுதலாம் என்று பொதுவாகச் சொல்லித் தருவார்கள். கமலா, கலா, கவிதா, கனகா என்னும் நால்வர் பெயரை அவ்வாறு அடுக்கினால் வருவது:

கனகா, கமலா, கலா, கவிதா.

நமது நெடுங்கணக்கில் னகரம் மெய்யெழுத்துகளின் கடைசி. ஆகையால் கனகா நான்காவதாக வர வேண்டியவள். கணிப்பொறி அவளை முதலில் நிறுத்துகிறது. காரணம், யூனிகோடில் தமிழ் எழுத்துகளுக்குத் தரப்பட்ட எண்கள். இந்திய எழுத்துகள் அனைத்துக்கும் பொதுவாக வகுக்கப்பட்ட இஸ்கி என்னும் ஏற்பாட்டைப் பின்பற்றி, நாகரி எழுத்தின் சட்டத்துக்குள் தமிழையும் அமைத்தார்கள். அதனால் நகரத்தை அடுத்து னகரமும், ரகரத்தை அடுத்து றகரமும், லகரத்தை அடுத்து ளகரமும் ழகரமும் வந்து, அதன் பின்னரே வகரம் வருகிறது. ஜகரம் சகரத்தின் பக்கத்தில் அமர்ந்துவிட்டது.

தமிழ் முறைப்படி அடுக்க இவ்வாறு எழுதுக:

பெயர்கள்.சார்ட்((அ, ஆ) => அ.லோகேல்கம்பேர்(ஆ, "டிஏ"));

இங்கு அ, ஆ என்பவை ஒப்பிடப்படும் இரண்டு பெயர்களுக்கு நாம் இட்ட மாறிகள். ‘டிஏ’ என்பது தமிழ் மொழிக்கான ஈரெழுத்துக் குறி. ‘கம்பேர்’ தொடங்கும் எழுத்து பேரெழுத்து. இப்போது விடை:

கமலா, கலா, கவிதா, கனகா.

ஓர் எச்சரிக்கை: சார்ட் கட்டளை அணியின் மூல வரிசையையே மாற்றிவிடும். நிலையங்களின் பட்டியலை அகர வரிசையில் அடுக்கினால் மாஹிம் பாந்த்ராவைத் தாண்டிப் போய்விடும். வண்டியில் போகிறவருக்கு அது உதவாது. மூல வரிசையும் வேண்டுமெனில் ‘பெயர்கள்.ஸ்லைஸ்()’ என்று ஒரு படி எடுத்து, படியை மட்டும் அடுக்குக.

7. எழுத்து எண்ணிக்கை

மாஹிம் என்பது நமக்கு மூன்றெழுத்துச் சொல்: மா, ஹி, ம். ஆனால் லெங்த் கேட்டால் 6 என்று வரும். மகரம், கால், ஹகரம், இகரக் குறி, மகரம், புள்ளி என்று ஒவ்வொன்றையும் அது தனியே எண்ணுகிறது. பிள்ளைகளுக்குக் குறுக்கெழுத்துப் புதிர் தயாரிக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இன்றைய உலாவிகளில் உள்ள ‘இன்டெல்.செக்மென்டர்’ என்னும் கருவி சொல்லை நமது எழுத்துகளாகவே பிரித்துத் தரும். இதில் ‘இன்டெல்’, ‘செக்மென்டர்’ இரண்டின் முதலெழுத்துகளும் பேரெழுத்து.

8. முடித்த பின் சரிபார்த்தல்

பெயர்ப் பட்டியலைக் கையாளுகிறவர் கடைசியில் மூன்று செயல்களைத் தவறாமல் செய்ய வேண்டும்.

முதலில், வரிகள்.லெங்த், பெயர்கள்.லெங்த் ஆகிய இரண்டையும் ஒப்பிடுக. வேறுபாடு இருந்தால் எத்தனை வெற்று உருப்படிகள் ஒதுக்கப்பட்டன என்று எண்ணிப் பார்க்கவும்.

அடுத்து, ‘பட்டியலில் இல்லை’ என்று கணிப்பொறி சொல்லும் ஒவ்வொரு பெயரையும் மூலப் பக்கத்தில் கண்ணால் தேடிப் பாருங்கள். இல்லை என்ற விடையை உடனே ஏற்க வேண்டாம்.

மூன்றாவதாக, அணியை அச்சிட்டு வகுப்பில் உரக்க வாசியுங்கள். தன் பெயர் வரவில்லை என்றால் பிள்ளைகளே எழுந்து சொல்லிவிடுவார்கள். எழுத்துப் பிழையும் அப்போது வெளிப்படும்.

பயிற்சி

அ) நிலையங்கள் பட்டியலில் கார் ரோடு, சாந்தாக்ரூஸ் ஆகிய இரண்டையும் சேர்த்தால் கடைசிப் பெயரின் வரிசை எண் என்ன?

ஆ) ‘அம்மா’ என்னும் சொல்லுக்கு லெங்த் எவ்வளவு?

இ) தாதர், ஜோகேஸ்வரி, வடாலா, சயான் ஆகியவற்றை வெறும் சார்ட் கட்டளையாலும், பின்னர் தமிழ் முறையாலும் அடுக்குக. எந்தப் பெயர் இடம் மாறுகிறது?

ஈ) உங்கள் வகுப்புத் தோழர்கள் பெயர்களை ஒரு பட்டியலாக எழுதி, அணியாக்கி, அகர வரிசையில் அடுக்கிக் காட்டுக.

விடைகள்

அ) 5.

ஆ) 5. அகரம், மகரம், புள்ளி, மகரம், கால்.

இ) வெறும் சார்ட்: சயான், ஜோகேஸ்வரி, தாதர், வடாலா. தமிழ் முறை: சயான், தாதர், வடாலா, ஜோகேஸ்வரி. கிரந்த எழுத்தாகிய ஜகரம் தமிழ் எழுத்துகளுக்குப் பின் வருவதால் ஜோகேஸ்வரி கடைசிக்குச் செல்கிறது.

ஈ) இதற்கு விடை உங்களிடமே உள்ளது. கணிப்பொறி இல்லாத பிள்ளைகள் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து, சங்கத்திலோ பள்ளியிலோ உள்ள கணிப்பொறியில் செய்து பார்க்கலாம். வீட்டில் பெற்றோர் அருகில் அமர்ந்து பெயர்களைச் சொல்ல, பிள்ளைகள் தமிழில் தட்டச்சு செய்தால், கணிப்பொறிப் பாடத்தோடு தமிழ் எழுத்துப் பயிற்சியும் கைகூடும்.